சவுரிமுத்துவுக்கு ஒரு பக்கம்

7 ஆகஸ்ட் 2009, வெள்ளி

விடிந்ததிலிருந்தே இடுப்பு தன் வேலையைக் காட்டுகிறது. கல்லூரி நூலகத்தில் ஏணி ஏறும் வேலையை எல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தில் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் படியில் யாரோ ஒரு அம்மா என் பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினார். நாற்பத்தொரு வயதில் பை தூக்க ஆள். நல்ல முன்னேற்றம்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பஞ்சாயத்து. ஆஸ்டின் ஒரு பக்கத்துக்கு நீக்கல் அறிவிப்பு போட்டிருக்கிறான். கோவிலம்பாக்கத்தில் இருந்துகொண்டு ஏதோ பள்ளியில் வேதியியல் நடத்துகிற தம்பி. நேரில் பார்த்ததில்லை. எழுத்தில் தினமும் சண்டை.

பக்கத்தின் பெயர் 'சவுரிமுத்து'. மொத்தமே இரண்டு வரி: "சவுரிமுத்து பள்ளிக்கரணையைச் சேர்ந்த கானா பாடகர். நிறைய சாவு வீடுகளில் பாடியுள்ளார், எல்லோரும் அழுவார்கள்." ஆதாரம் கிடையாது. எழுதியவர் பெயர் கிடையாது. ஏதோ பிரவுசிங் சென்டரிலிருந்து போட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் அழுவார்களாம். சாவு வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

'நீக்கலாம்' என்று என் கருத்தை எழுதிவிட்டேன். ஒரு வாரம் விவாதத்துக்கு விட்டுப் பிறகு முடிவெடுக்க வேண்டும். நிர்வாகிகளில் இந்த முறை அந்த வேலை என் தலையில்.

8 ஆகஸ்ட், சனி

பரணி வந்திருந்தான். என் புருஷன் மதியின் சிறுவயது சிநேகிதன், மேற்குத் தாம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். மதி போன பிறகு மாதம் ஒருமுறை வந்து மோட்டார் ஓடுகிறதா, கேஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவான். அதிகம் பேசமாட்டான். எதையாவது பேச வேண்டுமே என்று அந்த இரண்டு வரியைச் சொல்லிச் சிரித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணி, அவருதான் நம்ம மதிக்குப் பாடினாரு."

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? 2007 பிப்ரவரியில் சிங்கப்பெருமாள் கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது லாரி. மதி அங்கேயே. இடுப்பும் மண்டையும் உடைந்து நான் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, எடுத்து, எரித்து, பால் தெளித்தும் முடித்துவிட்டார்கள். என் புருஷன் சாவுக்கு நான் போகவில்லை. யார் வந்தார்கள், யார் மாலை போட்டார்கள் என்று மாமியார் சொன்னார். கானா பாடியதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கானா என்றால் கௌரவக் குறைச்சல்.

பரணி சொல்லித்தான் தெரிகிறது. பாடகர் வந்து வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து, செத்தவர் பேர் என்ன, என்ன வேலை, யார் மேல் உயிராக இருந்தார் என்று கேட்பாராம். கேட்ட கையோடு பாட்டுக் கட்டிவிடுவாராம்.

"உங்க பேரும் வந்துச்சு அண்ணி. 'ஆஸ்பத்திரில கீறாளே, கண்ண முழிச்சா உன்னதான் கேப்பாளே'ன்னு... அப்டி இன்னாமோ வந்துச்சு. வார்த்த சரியா நெனப்பு இல்ல. நாங்க எல்லாம் அழுதுகினு இருந்தோம்."

"யாராவது ரெக்கார்ட் பண்ணாங்களா?"

"அன்னிக்கி யாரு கைல அந்த மாதிரி போன் இருந்துச்சு, அண்ணி?"

கண்ணை முழித்ததும் மதியைத்தான் கேட்டேன். அப்படியேதான் கேட்டேன். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

9 ஆகஸ்ட், ஞாயிறு

பள்ளிக்கரணைக்குப் போய் வந்தேன். நான் பைக்கில் ஏறுவதில்லை. ஷேர் ஆட்டோவில் போனேன், பரணி பைக்கில் பின்னாலேயே வந்தான். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெரு. குப்பை மேட்டுப் புகை கண்ணைக் கரித்தது.

சவுரிமுத்து கட்டிலில் படுத்திருந்தார். தொண்டையில் புற்றுநோய், ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். குரல் போய்விட்டது. வெறும் காற்றுதான் வருகிறது. அவர் மனைவி ஞானசௌந்தரி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு நமக்குச் சொல்கிறார்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். மதியழகன், மேற்குத் தாம்பரம், பைக் விபத்து. என்ன பாடினீர்கள்?

அவர் கையை விரித்தார். ஞானசௌந்தரிதான் சொன்னார். "நெனப்பு வெச்சிக்க மாட்டாரும்மா. அந்த வூட்ல பாடினத அங்கியே வுட்டுட்டு வந்துடணும். செத்தவங்க பேர அடுத்த வூட்டுக்கு எடுத்துனு போனா அந்த வூட்டுக்கு ஆவாது. பாடிட்டு வந்தா வாசல்லயே நிப்பாரு. நான் ஒரு கொடம் தண்ணி தலையோட ஊத்துவேன். அதோட போயிரும்."

இத்தனை வருஷம் பாடியிருக்கிறார். எதையும் இரண்டாவது தடவை பாடியதில்லை. கேசட் கிடையாது, மேடை கிடையாது. ஒரு மனிதர் தன் படைப்பு எதுவும் மிஞ்சக்கூடாது என்று தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். கலைக்களஞ்சியத்தில் இவரைப் பற்றி நான் எதை எழுதுவது?

ஆனாலும் கேட்டேன். கம்ப்யூட்டரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, உங்களுக்கு அதில் விருப்பமா என்று. ஞானசௌந்தரிக்குப் பிடிக்கவில்லை. "நம்ம பேர் அச்சுல வந்ததெல்லாம் செத்தவங்க போட்டோவுக்குக் கீழதாம்மா." அவர் மனைவியின் கையைத் தட்டிக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். ஞானசௌந்தரி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்கறாரு. ஊரான் பேரெல்லாம் எடுத்துச் சொன்னேனே, என் பேர் ஒரு எடத்துல இருக்கட்டுமேங்கறாரு."

11 ஆகஸ்ட், செவ்வாய்

ஆதாரம் தேடி அலைகிறேன். நூலகத்தில் இருக்கிற நாளிதழ்க் கட்டு எதிலும் இல்லை. சுவரில் இருக்கிறார். பரணி கூட்டிப்போய்க் காட்டினான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். யாரோ ஒருவரின் முகம், தோற்றம், மறைவு, அடியில் சின்ன எழுத்தில் 'கானா: பள்ளிக்கரணை சவுரிமுத்து'. பாதி மழையில் கிழிந்து தொங்குகிறது. மீதியின் மேல் கட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டார்கள்.

போஸ்டர் செல்லாது. சாவு வீட்டாரே காசு கொடுத்து அடிப்பது. சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் எழுதியதுதான் ஆதாரம். இது யார் எழுதிய விதி? நான் எழுதிய விதிதான். படுக்கையில் கிடந்த மாதங்களில், என் கூடப்பிறந்த தம்பி கொடுத்த லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு எழுதியது. "ஒருவரைப் பலரும் அறிவார்கள் என்பது சான்றாகாது." அன்று எவ்வளவு திருப்தியாக இருந்தது அந்த வாக்கியம்.

13 ஆகஸ்ட், வியாழன்

விவாதப் பக்கத்தில் உண்மையை எழுதிவிட்டேன். இவர் என் கணவரின் இறப்பில் பாடியவர், ஆகவே என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன், முடிவை வேறொருவர் எடுக்கட்டும் என்று. யாரும் முன்வரவில்லை. நிர்வாகிகளில் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்குப் பரீட்சை.

ஆஸ்டின் போன் செய்தான். முதல் தடவையாகக் குரலைக் கேட்கிறேன். சின்னப் பையன் குரல்.

"அக்கா, எனக்குத் தெரியாம போச்சு. சாரிக்கா. நான் நோட்டீஸை எடுத்துடறேன். நீங்க வெச்சுடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

கேட்க மாட்டார்கள். அதுதான் தொல்லை. திட்டினாலாவது எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன்.

15 ஆகஸ்ட், சனி

கெடு நேற்றே முடிந்தது. இன்று விடுமுறை. காலையிலிருந்து உட்கார்ந்து பக்கத்தை எழுதினேன். ஞானசௌந்தரியிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதினேன். செம்மஞ்சேரியில் பிறந்தது, அப்பா அந்தோணி மூட்டை தூக்கியது, மாதா கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்து துரத்தப்பட்டது, முதல் பாட்டு சொந்தத் தங்கைக்குப் பாடியது. எப்படிக் கேட்டுக் கேட்டுப் பாட்டுக் கட்டுவார் என்பது, குடத்துத் தண்ணீர் வரைக்கும். என் கையால் நான் எழுதியதிலேயே நல்ல பக்கம்.

பிறகு யாரோ எழுதியதுபோல முதலிலிருந்து படித்தேன். ஒரு வரிக்குக்கூட ஆதாரம் இல்லை. எல்லாம் அவர் மனைவி சொன்னது.

வைத்துக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் போன வருஷம் ஒரு பையன் தன் அப்பா நாடகத்தில் நடித்தார் என்று எழுதியதை எடுத்தேன். அவன் எழுதிய மடலுக்கு விதியைக் காட்டிப் பதில் போட்டேன். வேறொருவர் தன் வாத்தியாரை எழுதினார், அதையும் எடுத்தேன். அவர்களுக்கு ஒரு நியாயம், என் புருஷனுக்குப் பாடியவருக்கு ஒரு நியாயமா? மதிக்கே நான் பக்கம் வைக்கவில்லையே. இடிந்து விழ இருந்த என் நாட்களில் நின்றது இந்த ஒழுங்கு ஒன்றுதான். இதையும் நானே உடைத்துவிட்டு எதைப் பிடித்துக்கொள்வேன்?

நீக்கிவிட்டேன்.

நீக்கிய பக்கம் நிர்வாகிகள் கண்ணுக்கு மட்டும் தெரியும். திறந்து பார்க்காதே. பார்க்காதே சத்யா.

16 ஆகஸ்ட், ஞாயிறு

பரணி வந்தான். உட்காரவில்லை.

"எடுத்துட்டீங்களா அண்ணி? சென்டர்ல பாத்தேன். இல்ல."

விதி, ஆதாரம் என்று ஆரம்பித்தேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்.

"நான்தான் போட்டேன். டைப் பண்ணத் தெரியாது, அந்த சென்டர் பொண்ணு அடிச்சுக் குடுத்துச்சு. நீங்க எந்நேரமும் அதுலதான் கீறீங்க. நேர்ல சொல்றதுக்கு எனக்கு வாய் வர்ல. அதுல போட்டா நீங்களே பாத்துட்டு இது யாருன்னு என்னாண்ட கேப்பீங்கன்னு..."

காபி குடிக்காமல் போய்விட்டான்.

20 ஆகஸ்ட், வியாழன்

மோட்டார் ஓடவில்லை. பரணியைக் கூப்பிட மனம் வரவில்லை. வாசல் குழாய்த் தண்ணீரை வைத்துச் சமாளிக்கிறேன்.

9 செப்டம்பர், புதன்

அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கரணை போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். அது கோழைத்தனம்.

சொன்னேன். பக்கம் இப்போது இல்லை, நான்தான் எடுத்தேன் என்று. ஞானசௌந்தரி புரிந்தவர்போலத் தலையாட்டினார். சவுரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

தெருமுனை வரை வந்து வழியனுப்பிய ஞானசௌந்தரி, "ஒன்னும் நெனச்சிக்காதம்மா. கொஞ்சம் ஆசப்பட்டுட்டாரு" என்றார்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்படி அழுதிருக்கிறேன் போல.

27 அக்டோபர், செவ்வாய்

பரணியிடமிருந்து போன். இத்தனை நாளுக்குப் பிறகு. "அவர ஆஸ்பத்திரில இருந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க அண்ணி." அவ்வளவுதான் சொன்னான். புரிந்தது.

8 நவம்பர், ஞாயிறு

சவுரிமுத்து போய்விட்டார். காலையில் சேதி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பரணி வாசலில் பைக்கோடு நின்றான். ஷேர் ஆட்டோ என்று வாயெடுத்தேன், பிறகு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நடந்து போகிறவர்கள்கூட எங்களை முந்தியிருப்பார்கள், அப்படி ஓட்டினான்.

தெருவில் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். கூட்டம் சின்ன தெருவுக்கு அதிகம். மத்தியானம் சேட்டு என்கிற பாடகர் டோலக்கோடு வந்தார். முறைப்படி விவரம் கேட்டார். எந்த ஊரில் பிறந்தார், அப்பா பேர் என்ன, முதலில் யாருக்குப் பாடினார்? ஞானசௌந்தரிக்கு மயக்கம்போல வந்து வந்து போனது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் நாகப்பட்டினம் என்றார், ஒருவர் இல்லை என்று சண்டைக்குப் போனார்.

"அண்ணிய கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்" என்று பரணி என்னை முன்னால் தள்ளினான்.

சொன்னேன். செம்மஞ்சேரி. அந்தோணி. கோயில் பாட்டுக் குழு. தங்கை. பக்கத்தில் எழுதிய வரிசையிலேயே வந்தது. ஒரு வரியும் மறக்கவில்லை. யாரும் ஆதாரம் கேட்கவில்லை. சேட்டு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டுக் கேட்டார். கடைசியில், "நீங்க அவருக்கு இன்னா ஓணும்மா?" என்றார்.

"என் வீட்டுக்காரருக்கு இவர்தான் பாடினார். மதியழகன். நான் அப்போ கூட இல்ல."

சேட்டு தயங்கினார். "வேற வூட்டுச் சாவும்மா. அந்தப் பேர இங்க எடுக்கக் கூடாது." சரி என்று நான் நகர்ந்தேன். ஞானசௌந்தரி தலையை நிமிர்த்தினார்.

"எடு சேட்டு. எத்தினி பேர வாசல்லயே கழுவி வுட்டாரு இந்த மனுசன். இன்னிக்கி வரட்டும்."

சேட்டு பாடினார். செம்மஞ்சேரியில் தொடங்கி அந்தோணி மூட்டை தூக்கி, தங்கை போய், குரல் போய், கடைசியில் 'மதியழகனைப் பாடி வுட்டவரே, இப்போ உன்னப் பாட ஆளு தேடுறமே' என்று வந்தது. மதி. மதி பேரு. கல்லுமாதிரி இருந்தேனே இத்தன நாளு, அப்படியே அந்த ஈரத்துல உக்காந்துட்டேன். என் புருஷன் செத்ததுக்கு நான் இன்னிக்குத்தான் அழுதேன், கூட அழ ஆளுங்களோட.

பாட்டு முடியுமுன்னே கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "எங்க அப்பா தேவராசுக்கும் இவருதான்." ஒரு பெண், "என் புள்ள ஜெகனுக்கு." பிறகு ஆளாளுக்கு. மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த ஒரு அம்மா, "குப்பம்மா. எங்கக்கா குப்பம்மா" என்று கத்தினார். சேட்டு ஒவ்வொரு பேரையும் வாங்கி வாங்கிப் பாடினார். பெட்டியை மூடும் வரை பேர்கள் வந்துகொண்டே இருந்தன.

என் கையில் போன் இருந்தது. அதில் ரெக்கார்ட் ஆகும். பையிலேயே வைத்திருந்தேன்.

9 நவம்பர், திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. பரணி குழாயில் குடத்தை நிரப்பி எடுத்துவந்து, வாசலில் வைத்தே என் தலையில் ஊற்றினான். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். பிறகு அவன் காபி குடித்துவிட்டு, மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

காலையில் யோசித்துப் பார்த்தேன். பாட்டு ஒழுங்காக நினைவில் இல்லை. ஒரு வரி எழுதி வைத்தேனே, அதுகூட அப்படித்தானா என்று இப்போது சந்தேகம்.

ஆஸ்டின் ஒரு பக்கத்துக்கு நீக்கல் அறிவிப்பு போட்டிருக்கிறான். யாரோ ஒரு தெருக்கூத்துக்காரர். மூன்று வரி, ஆதாரம் இல்லை. என் கருத்துக்காகக் காத்திருக்கிறான்.

'யார் எழுதியது என்று முதலில் விசாரிப்போம்' என்று போட்டேன்.