ஏழு பேர்ச்சில் அடித்த முளைகள்

ஸ்பிரிங்வெளி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் நிலுக்ஷிக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் ஜூட் அண்ணனும் சுகம். கத்தாரில் நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்புகிறேன், குரல் மெலிந்து கிடக்கிறது.

நீ அங்கே வெள்ளிக்கிழமை வகுப்பில் கம்ப்யூட்டரில் வரையப் பழகி, தோட்டத்தில் நமக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணிக்கு வரைந்து அனுப்பிய வீட்டுப் படத்தைப் பதுளை பஸாரில் ஷிபான் கடையில் தாளில் அடித்து வாங்கினேன். மூன்று மாதம் பழகியவளுக்கு வீடு வரைய வருமா என்று எனக்கு முதலிலேயே சந்தேகம். நான் முப்பது வருடம் அடிக்கணக்கில் கல் வைத்தவன், நீ அறைக்கு 3000 என்று எழுதியிருக்கிறாய், அது அறையா மைதானமா? அந்த நம்பரை விட்டுவிட்டு, தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒரு மீட்டர் என்று நீ போனில் சொன்னபடி அடிமட்டத்தால் அளந்து, காணியில் முளை அடித்துக் கயிறும் கட்டினேன். அம்மா தன் அறைக்குள் படுத்துப் பார்த்தாள், கால் சமையலறைக்குள் போய்விட்டது. இதுக்கு இப்ப நாம இருக்கிற லயத்துக் காம்பிராவே பெருசு, பிள்ளையை யாரோ நல்லா ஏமாத்துறாங்க என்று அவள் புலம்ப, எனக்கும் உன் வகுப்பின் மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் ஷிபானிடம் சண்டைக்கே போனேன். அவன் சிரித்துக்கொண்டு, பெரிய படம் அங்கிள், சின்னத் தாளுக்குள்ள அடங்கணும்னு பாதியாச் சுருக்கி அடிச்சேன், அந்த நம்பரைத்தான் பார்க்கணும், அது மில்லிமீட்டர், மூவாயிரம்னா பத்தடி என்றான். திரும்பி வந்து எல்லா முளையையும் பிடுங்கி, அந்த நம்பர்படி மறுபடி அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது மகள், ஒரு அங்குலம் பிசகவில்லை. அம்மா காலை நீட்டிப் படுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதோடு என் சந்தேகம் தீரவில்லை. கயிற்றுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தேன். அம்மா அப்பா அறை, ஜூட் அண்ணன் அறை, மாதா சுரூபம் வைக்க ஒரு மூலை, எல்லாவற்றுக்கும் பேர் எழுதியிருக்கிறாய். உன் பேர் எங்கேயும் இல்லை. பாவம், மறந்திருப்பா என்கிறாள் அம்மா. கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வரைந்தவள் தன் அறையை மறப்பாளா? போன மாதம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டாய். வகுப்புக்கு என்றாய். கம்ப்யூட்டர் பழக அது எதற்கு? கோயிலில் கல்யாணத்துக்குத்தான் அதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இங்கே யாரும் உன்னை அடிக்கப் போவதில்லை. நீ ஒளிப்பதுதான் என்னைச் சுடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் திரியாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார், நாங்களும் விடமாட்டோம். இதை ஷிபான் போனில் படம் பிடித்து அனுப்பும்போது படிக்கிறானா என்று பக்கத்திலேயே நிற்பேன். ஒன்று மறக்காதே. வரும் சனிக்கிழமை அத்திவாரம் வெட்டுகிறோம். முருங்கைப் பக்கம் பத்தடிக்குப் பத்தடி இன்னும் நாலு முளை அடித்திருக்கிறேன், அது உன் படத்தில் இல்லை. அதைச் சேர்த்து வரைந்து அனுப்பு. இல்லை, பிடுங்கத்தான் வேண்டும் என்றால் சனிக்கிழமைக்குள் போன் எடுத்து உன் வாயால் சொல். அதுவரை அந்த நாலு முளையில் யாரையும் கைவைக்க விடமாட்டேன்.

உன் அப்பா,
யேசுரத்தினம்