நாணலுக்குள் கேட்காத சத்தம்

அக்டோபர் 3
இந்த நாட்டில் மான் வேட்டை சட்டப்படி உண்டு; எனக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. தங்கை வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். பஸ் ஓட்டுகிறவர்; புதருக்குள்ளும் பஸ் மாதிரியே வருகிறார். சுள்ளியெல்லாம் மிதித்து, நின்ற மானையும் விரட்டிவிட்டார். “மாப்பிள்ளை, ஒரு ஹாரனும் அடிச்சிருக்கலாம்” என்றேன், சாப்பாட்டு மேசையில். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 10
இன்றும் மான் தப்பியது. ஒரு வசதி: அவர் எங்கே வருகிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

அக்டோபர் 17
எழுத முடியவில்லை.

அக்டோபர் 19
எழுதித்தான் ஆக வேண்டும். நாணல் ஆளுயரம். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். முன்பாதம் ஊன்றி, பிறகு குதிகால் — ஓரடிக்கு ஒரு மூச்சு என்று நகர்ந்தேன். வெகுநேரமாக அவர் சத்தமே இல்லை. களைத்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். எதிரே நாணல் நுனி அசைந்தது. சத்தம் துளியும் இல்லை. அப்படியென்றால் மாப்பிள்ளை இல்லை, மான்தான். என் புத்தி இப்படித்தான் ஓடியது. உருவம் தெரியாமல் சுடக்கூடாது என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான்.

சுட்டேன்.

“மச்சான்...” என்றார். அவ்வளவுதான்.

ஓடிப் பார்த்தால் காலில் பூட்ஸ் இல்லை. கம்பளிக் காலுறை மட்டும். ஏன்யா கழட்டின? யாரு கழட்டச் சொன்னா?

அக்டோபர் 22
வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கிற கால். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை சொன்னாள்: “வாரம் பூரா ஹால்ல காலுறையோட நடந்து பழகினாருண்ணே. நீ கேலி பண்ணக்கூடாதுன்னு.”

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 8
துப்பாக்கியை ஒப்படைத்தேன். விபத்துதான் என்று போலீஸில் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே மனுஷன்.

டிசம்பர் 2
தங்கை இன்றும் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 20
மதியம் தெருமுனையில் டக், டக் என்று சத்தம். மெதுவாக நெருங்கி வந்து என் வாசலில் நின்றது. கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை, இரண்டு கைக்கும் ஊன்றுகோல், சட்டையெல்லாம் வியர்வை. தங்கை வரவில்லை.

“நான் வர்றது கேட்டுச்சா மச்சான்?” என்றார்.

கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.