சதுப்புக்கு இரண்டாவது ஆள்

பாய்,

இன்று உங்கள் ஊரிலிருந்து திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தார். என் காலில் காய்ந்திருந்த கருஞ்சேற்றைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய்விட்டார். தேவகோட்டை வரை அந்த இடம் காலியாகவே வந்தது. உதிரிபாகம் வாங்க நீங்களும் ஏறி, நாம் இருவரும் சேர்ந்து வந்த நாட்களிலும் அந்தச் சேற்று வாடைக்கு ஆட்கள் எழுந்துபோயிருப்பார்கள். நான் கவனித்ததில்லை. உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வருபவனுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

நாம் அறிமுகமானதே சண்டையில்தான். நீங்கள் படகு எஞ்சின் பார்ப்பவர். நான் கல்லலில் பம்புசெட் பார்ப்பவன். காரைக்குடி உதிரிபாகக் கடையில் ஒரு பேரிங் அசலா போலியா என்று முட்டிக்கொண்டோம். "வெளிய போயி முடிவு பண்ணிக்கிட்டு வாங்கப்பா, யாவாரம் கெடுது" என்று கடைக்காரர் விரட்டினார். டீக்கடையில் முடிவாகவில்லை. மிச்சச் சண்டையைப் போடத்தான் உங்கள் ஊருக்கு வந்தேன். வந்த இடத்தில்தான் அந்த உப்புச் சதுப்பைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் உமரிச் செடி. கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரித்தது. அதன் பிறகு என்னால் வராமல் இருக்க முடியவில்லை.

உள்ளூர் மக்களை வைத்தே சதுப்பைக் கண்காணிக்கப்போகிறோம் என்று அரசு அலுவலகத்துக்காரர்கள் கூட்டம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? என் முகவரியைப் பார்த்துவிட்டு, "அய்யா, உங்க மாவட்டத்துல கடலே இல்லையே. நீங்க எப்படி உள்ளூர்?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"இவுக கண்மா நெறஞ்சு மறுகால் விழுந்தாத்தேன் எங்க சதுப்புக்கு நல்ல தண்ணி. தண்ணி மட்டும் வரலாம், தண்ணிக்காரரு வரக்கூடாதோ?"

கூட்டம் சிரித்தது. உங்களை முதல் ஆளாகவும் என்னை இரண்டாவது ஆளாகவும் போட்டார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவரும் அதே இடத்தில் நின்று பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பதிவு செல்லும் என்பது ஏற்பாடு. நம்மிடம் வந்து அந்த ஏற்பாடு பட்ட பாடு! சதுப்பின் எல்லை கடைசி உமரிச் செடியோடு முடிகிறது என்பேன் நான். நண்டு வளை இருக்கும்வரை சதுப்புதான் என்பீர்கள் நீங்கள். வெயில் ஏறும், அலை ஏறும், எல்லை முடிவாகாது. கடைசியில் இருவர் சொன்னதையும் எழுதி அனுப்புவோம்; இருவரும் நின்று பார்த்ததே போதும் என்று வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் சலித்துப்போய், "ஒரு தடவையாச்சும் சரின்னு சொல்லுங்க பாய்" என்றேன்.

"சும்மா தலையாட்டவா நான் வாரேன், கல்லலாரே? அதுக்கு ஒரு பொம்மையக் கூட்டியாந்து நிறுத்துங்க."

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கம் செய்த பிறகு நான் அனுப்பிய பதிவு திரும்பி வந்தது. அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசியது. முதல் ஆள் இல்லாமல் நான் உள்ளூர் ஆகமாட்டேனாம். "அந்த ஊர்ல யாராவது ஒருத்தர் பேரைப் போடுங்கய்யா, போதும்" என்றது. உங்கள் மச்சினரிடம் போய் நின்றேன்.

"தாராளமா எம் பேரைப் போட்டுக்கங்கண்ணே. நான் சேத்துல எறங்கணும்னு இல்லைல்ல? நீங்க சொன்னாச் சரிதேன்."

நல்ல மனிதர், டீயும் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நம் சதுப்பைக் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள் அதை வளைத்துப்போட, வெறும் களர் நிலம் என்று சொல்லி வருவது உங்களுக்குத் தெரியும். இனி மறுத்துக் காட்டப் புதிய பதிவு ஒன்றும் இருக்காது. ஒரு பெயரைப் போட்டிருந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று என் மகள் கேட்கிறாள். அவள் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் சேற்றில் இறங்காத ஒருவரின் பெயர் அதில் இருப்பது நாளைக்கு வெளியே வந்தால், நாம் வெயிலில் நின்று அடித்துக்கொண்டு எழுதிய அத்தனையையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் பெயர் அதில் இருக்கிறது பாய். அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

இருந்தும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் "அப்படியாப்பா" என்கிறார்கள். அந்த 'அப்படியா'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கடல் பக்கத்து உமரி சிவந்துவிட்டது. சேற்றில் உப்பு மிஞ்சிவிட்டது என்கிறேன். முற்றினால் சிவக்கத்தான் செய்யும் என்பீர்கள். அப்படியானால் ஓடைக்கரையில் அதோடு கூட முளைத்த செடி மட்டும் ஏன் இன்னும் பச்சையாக நிற்கிறது? இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று காலியான அந்த இருக்கையைப் பார்த்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஓடைக்கரையில் நிழல் விழுகிறது, அங்கே முற்றுவதற்கு நாளாகும் என்பீர்கள். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.