இரண்டாவது சிலிண்டர்

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெயாவுக்குப் பதினைந்தாவது கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தாயிற்று. இன்னும் பத்து.

வண்டி உதறுகிறது. கோச்சடை வீட்டில் கிளம்பும்போதே ஒரு மாதிரி. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கோடு சேர்ந்து என் கையும் ஆடியது. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, விட்டு விட்டு மின்னுகிறது. பக்கத்து ஆட்டோக்காரன்: "என்ன பெருசு, வண்டிக்குக் குளுரு காய்ச்சலா?" பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு மெத்தை விரித்து வைத்திருக்கிறேன். ஜெயா அதில் படுத்துத்தான் வர முடியும். முதுகெலும்பில் கட்டி. ஒவ்வொரு உதறலுக்கும் கண்ணை இறுக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்லங்க, நீங்க ஓட்டுங்க." ஒண்ணுமில்லையாம்.

வெள்ளிக்கிழமைதான் ஆயுத பூஜை. இந்த வருஷம் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று பானெட்டைத் திறந்து, ஓஸ் பிடித்து எஞ்சினையே குளிப்பாட்டினேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எஞ்சின் மேல் மூடியில் சந்தனம், குங்குமம், பூ. மூன்றே நாளில் இந்தக் கதி. சாமிக்கு இதற்கு மேல் என்ன செய்ய?

வாங்க: பால், வாந்தி மாத்திரை, சின்ன வாளி (பழையது விரிசல்).

அக்டோபர் 15, செவ்வாய்

வெயில். பதினாறாவதும் முடிந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குத்தான் தெரியும். பெட்ரோல் வாடை வேறு. ஜெயா வழியிலேயே இரண்டு தரம் வாந்தி.

திரும்பும்போது கோரிப்பாளையத்தில் காதர் பாய் ஷெட். (இனி கா.பா.) பத்து வருஷமாக நம் வண்டியைப் பார்ப்பவர். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்.

"ரெண்டாவது சிலிண்டரு அடிக்கலண்ணே, உள்ள பெட்ரோலு எரியல. நாலு பேரு பீரோவத் தூக்கையில ஒருத்தன் கைய விட்டா எப்படி? அதான் இந்த ஆட்டம். வெளக்கு சும்மா எரிஞ்சா மெதுவா வீடு போய்ச் சேரலாம். மின்னுச்சுன்னா ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோலு சைலன்சருக்குள்ள போயி எரிஞ்சு, உள்ள இருக்கறத உருக்கிரும். எம்புட்டு தூரம் ஓட்டுனீங்க?"

"இன்னைக்குத்தான் பாய்." பொய்.

எஞ்சின் மேல் மூடியைக் கழற்றப் போனார். நான்தான் தடுத்தேன். "பாய், அத மட்டும் தொடாதீங்க. இருபத்தஞ்சும் முடியிற வரைக்கும் அந்தப் பொட்டு கலையக் கூடாது."

அவர் திரும்பி ஜெயாவைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரிண்ணே. வேற வழியில பாப்போம்."

வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு. பதினோரு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் என் தொடையை நகம் பதியப் பிடித்தாள். ஏழாவதில் வாய்விட்டு அலறினாள். ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டு, "ஐயா, இறக்கி விட்டுறட்டுமா?" என்றார். எங்கே இறங்குவது? நடுரோட்டிலா?

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. பதினேழாவது போச்சு.

ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஆம்புலன்ஸு வந்தாத் தெருவே வாசல்ல வந்து நிக்கும். வேணாம்." அதற்கு மேல் கேட்க எனக்குத் திராணி இல்லை.

கா.பா. போன், 11 மணி: பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றியாயிற்று. மின்னுகிறது.
1 மணி: காற்று போகிற பாதையைச் சுத்தம் செய்தாயிற்று. மின்னுகிறது.
4 மணி: பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் நல்லா இருக்கு. "மேல தொறக்காமப் பாக்குறது கண்ணக் கட்டிக்கிட்டுத் தேடுற மாதிரி இருக்குண்ணே."

ஆஸ்பத்திரி சிஸ்டர் போன். "நடுவுல விடக் கூடாது சார். இருபத்தஞ்சும் முடிஞ்சாத்தான் டாக்டரே எதுவும் சொல்வாரு." தெரியும் தாயே. தெரியும்.

ஜெயா வடகம் வறுத்துத் தரச் சொன்னாள். ரசம் சாதத்தோடு நாலு வடகம் தின்றாள். சீரியல் பார்த்து மாமியார்க்காரியைத் திட்டினாள். எனக்கு எரிச்சல். இங்கே ஒருத்தன் குடல் அறுந்து கிடக்கிறேன், இவளுக்கு வடகம்.

ஆறு மணிக்கு வழக்கம்போல் மகள் சுதா, கோயம்புத்தூரிலிருந்து. "அப்பா, ஒரு வண்டிய ரெடி பண்ண முடியலையா உங்களால?" முடியவில்லை. அதுதான் உண்மை. ஒரு வண்டியைக்கூட.

அக்டோபர் 17, வியாழன்

தூறல். ஜெயாவுக்குத் துணையாக எதிர்வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். பதினெட்டாவதும் போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. "தொறங்க பாய்," என்றேன்.

"பொட்ட நீங்களே எடுத்துருங்கண்ணே. நான் கை வைக்கல."

துண்டால் துடைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கா.பா. மூடியைக் கழற்றி, இரண்டாவது சிலிண்டர் மேல் இருந்த, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை உருவினார். பிளக் உட்காரும் குழிக்குள் தண்ணீர். மஞ்சள் தண்ணீர். காயில் ரப்பர் வெடித்து, பிளக்கில் துரு.

"இதுல எப்படிண்ணே தண்ணி?"

"பூஜைக்கு... ஓஸ் புடிச்சேன்."

குழிக்குள் துணியை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தார். அப்புறம், "செவ்வாக்கிழமையே தொறந்திருந்தா அரை மணி நேர வேல. ஒங்க பேச்சக் கேக்காமத் தொறந்திருக்கணும். என் தப்புதாண்ணே."

அவர் தப்பாம்! முப்பத்தொரு வருஷம் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். கரண்ட் பாய்கிற காயில் மேலே நானே ஓஸ் பிடித்து ஊற்றி, பார்க்கவும் விடாமல் சந்தனத்தை வைத்து மூடியிருக்கிறேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு கரண்ட். அவள் உடம்புக்குப் போக வேண்டிய இரண்டை என் கையால் அழித்தேன்.

புதுக் காயில், புது பிளக். சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொண்டது. ஆட்டம் இல்லை. விளக்கு அணைந்துவிட்டது. சைலன்சருக்கும் சேதம் இல்லையாம். கா.பா. மெத்தையில் பட்டிருந்த கிரீசைத் துடைத்துக் கொடுத்தார்.

அதே நாள், சாயந்தரம்

வண்டியைப் போர்டிகோவில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். "ஜெயா, ரெடியாயிருச்சு! நாளைக்கு எட்டு மணிக்குக் கெளம்புறோம்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியாக்கும் என்று மாத்திரை எடுக்கப் போனேன்.

"மாத்திரை வேணாங்க. இங்க வாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இந்த ரெண்டு நாளுதாங்க வாந்தி எடுக்காம இருந்தேன். சோறு சோறா இருந்துச்சு. காலையில முழிச்சதும், இன்னைக்குப் போகணுமேங்குற பயம் இல்ல. வண்டி ரிப்பேர் ஆகட்டும்னு நான் வேண்டல. ஆனா ஆனதும் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

"இன்னும் ஒம்போதுதான் ஜெயா."

"எனக்குத் தெரியாதா? போகவே மாட்டேன்னு சொல்லல. நாளைக்கு வேணாம்."

அழுதேன். அவள் அழவில்லை.

ஆறு மணி. சுதா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டி ரெடியாப்பா?"

ஜெயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "நாளைக்கும் ஆகாது போல."