அஷ்டமியில் உரிக்காத டேப்

அன்பு மகன் சாய்பிரசாத்துக்கு அம்மா எழுதுவது. வில்லாபுரத்தில் நானும் அப்பாவும் சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கப் பெருமாள் துணை. உன் தங்கை பவதாரிணி இங்கேதான் இருக்கிறாள், வளைகாப்பை வைகாசியில் வைத்திருக்கிறோம். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். உன்னோடு பேசமாட்டார், காது மட்டும் இங்கேதான் இருக்கும்.

நம் பட்டறைக்கு வந்த முத்திருளன் கார் விஷயம்தான். டிக்கி மேல் இறக்கை மாதிரி வைக்கிற பைபர் ஸ்பாய்லருக்கு வண்டியிலேயே அச்சு எடுக்க அங்கே பைபர் வேலை பார்க்கிற நீ சொன்னபடியேதான் அப்பா செய்தார். பேப்பர் போட்டால் ரெசின் பசை ஊறி இறங்கிவிடும் என்றாயே, அதனால் டிக்கி முழுக்க இடைவெளி விடாமல் டேப் ஒட்டி, மெழுகு தடவி, மற்ற இடமெல்லாம் தரை வரைக்கும் கனமான பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். ஒரு சொட்டு படவில்லை. அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் நீ போனில் என்னிடம் சொன்னாய், அச்சைத் தூக்குன கையோட டேப்பை உரிச்சிரணும்மா, பெயின்ட் புதுசு, வெயில்ல விட்டா அம்புட்டையும் பிடிச்சுக்கிரும் என்று. அன்றைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. பவதாரிணிக்குப் போன தடவை கலைந்ததிலிருந்து எனக்குத் தொட்டதெல்லாம் பயம். அஷ்டமி என்றால் அப்பா சிரிப்பார், உன் பேரைச் சொன்னால் கேட்பார். ரெண்டு நாள் கழித்து உரித்தால் போதும் என்று சாயி சொன்னான் என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை வெயில் உனக்குத் தெரியாததா? டேப்போடு ஒரு முழத்துக்குப் பெயின்ட்டும் உரிந்து வந்தது. கோபம் வந்தால் அப்பா நாம் வீட்டில் பேசுகிற பாஷையை விட்டுத் தமிழில்தானே ஏசுவார், அன்றைக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னைத் தமிழில்தான் ஏசினார். வெளிநாட்டுக்குப் போயி என்னத்தடா கத்துக்கிட்ட என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீயோ, என் தப்புதான்ப்பா என்றாய். உனக்குப் புரிந்துவிட்டது, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதிலிருந்து சோறு இறங்கவில்லை கண்ணா. அப்பா டிக்கிக்கு மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார், ஆனால் இப்போது எந்த வேலைக்கும் உன்னைக் கேட்பதில்லை. நீயும் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டாய். பெற்றவள் செய்கிற காரியமா இது?

வேலையில் முழுக்கைச் சட்டை போடு, அந்தப் பைபர் தூசி உனக்குச் சேராது. தலைக்கு எண்ணெய் வை. உன் விலாசத்தை அப்பாதான் எழுத வேண்டும், எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து வராது. உறையை ஒட்டாமல்தான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன், முதலில் உள்ளே இருப்பதை வாசியுங்கள் என்று. அவரிடமிருந்து போன் வந்தால் உடனே எடு. என் தப்பு என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே.

நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஹம்சவேணி