மானியத்தின் முதல் வாய்

திருப்பாலைக்குடி, 10-8-1961

பஸ்ஸிலிருந்து டாக்டராகிவிட்ட என் மகள் மேரி இறங்குவதைப் பார்த்ததும் வாயிலிருந்த புகையிலையை அப்படியே விழுங்கிவிட்டேன். வீடு வந்த பிறகும் விக்கல் விடவில்லை.

மெட்ராஸில் அவள் வேலை பார்க்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சர்க்கார் மானியம் கிடைத்துவிட்டதாம். தெருவுக்கே கல்கண்டு கொடுத்தேன்.

“புகையிலை போடுறவங்க வாயைச் சோதிக்கத்தான் மானியம், அய்யா. மொத வாய் உங்களோடது. ஆ காட்டுங்க.”

“சர்க்கார் பணம் என் ஊத்த வாய்க்கா?”

என் வீட்டுக்காரி விடுவாளா? “நான் மூடச் சொன்னா மூடாத வாய், மக சொன்னதும் திறக்குதே!”

கன்னத்துக்குள் ஒரு மாதமாக ஆறாத புண். மேரி டார்ச் அடித்து, தடவித் தடவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“கூர்ப்பல் கிழிச்ச புண்ணுதான். பல்லைப் பிடுங்கிருவோம். புகையிலை இன்னையோட சரி.”

சரியென்று தலையாட்டினேன். நானும் சிரித்தேன், விக்கலும் நின்றது.

எவ்வளவு பயந்திருந்தாளோ, டார்ச்சை அணைக்காமலே பைக்குள் வைத்தாள். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.