ஏரிக்கரையில் இரண்டு கூடாரம்

அன்பு மகளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட உன் அம்மா நான், யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டரில், கூடாரம் போட்டுத் தங்கும் ஏரிக்கரை முகாமுக்குப் பதிவு செய்துவிட்டேன். காட்டு முகாமில் ஒரு குடும்பத்துக்கு ஒரே கூடாரம்தானாம். அதனால் அதை வேண்டாமென்று விட்டேன்.

நேற்று, வாங்கி வைத்த இரண்டு கூடாரத்தையும் ஹாலில் கட்டிப் பழகினேன். அப்பா வந்து பார்த்தார்.

"ரெண்டாவது யாருக்கு?"

"நம்ம பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்."

உன் கல்யாணத்துக்குப் பிறகு, மூன்று வருஷத்தில், இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல், 'மாப்பிள்ளை'. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு முடிச்சா? காத்தடிச்சா மாப்பிள்ளை தலையில விழும்" என்று தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். இருவரும் வந்துவிடுங்கள்.

உன் அம்மா